விருந்தாளியும் வாய் திறக்க வேண்டும்

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் நம் பள்ளிவாசல் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இவ்வாண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தாருடன் தங்கிப் பள்ளியில் படிப்பதற்காகப் புறப்பட இருக்கிறார். விடுதியில் அன்று, முன்பின் அறியாத, நம் மார்க்கத்தைச் சாராத ஒரு குடும்பத்தின் வீட்டில், அவர்களுள் ஒருவராக. சென்ற வாரம் அவருடைய அத்தா என்னிடம் வந்து, “ஹஸ்ரத், பிள்ளைக்கு துஆச் செய்யுங்கள், நாலு நல்ல புத்தியும் சொல்லி அனுப்புங்கள்” என்று கேட்டுக்கொண்டார். துஆச் செய்வதாக உடனே சொன்னேன். புத்தி சொல்வதற்கு மட்டும் சற்று அவகாசம் கேட்டேன். ஏனெனில் முன்பொரு முறை இதே போன்ற ஒரு பிள்ளைக்கு நான் புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் நான் செய்த பிழையை இன்று உங்கள் முன்னிலையில் சொல்லிவிடுவது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில், இவ்வாறு குடும்பங்களில் தங்கிப் படிக்கும் முறை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1932-ஆம் ஆண்டில் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர், இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஒரு நாட்டைச் சுற்றிப் பார்ப்பதைவிட அந்நாட்டார் வீட்டில் வாழ்ந்து பார்ப்பதே அவர்களை அறியும் வழி என்பது அவருடைய கருத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர்க்களங்களில் காயமுற்றோரைச் சுமந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகிய ஏ.எஃப்.எஸ்., 1947-இல் பல நாட்டுப் பள்ளி மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைக்கத் தொடங்கியது. ஒருவரையொருவர் கொன்று குவித்த தலைமுறையின் பிள்ளைகள் ஒரே தட்டிலிருந்து உண்ணட்டும் என்பதே அதன் நோக்கம். 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிகளுக்குப் பின், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. எட்வர்டு கென்னடி, ரிச்சர்டு லூகர் என்னும் இரு செனட்டர்களின் பெயரால் அது வழங்கலாயிற்று. ஓராண்டு அங்கே ஒரு வீட்டில் வாழ்ந்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்துத் திரும்ப வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு மாணவரைத் தங்கவைக்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஆனால் நான் கூறும் திட்டத்தில் அக்குடும்பத்தாருக்குச் சம்பளமோ வாடகையோ கிடையாது. உணவும் உறைவிடமும் அவர்கள் தாமே விரும்பித் தருபவை. எனவே அந்த வீட்டுக்குப் போகும் பிள்ளை வாடகைக்குக் குடியிருப்பவன் அல்லன், விருந்தாளி. விருந்தாளிக்கு உரிமையும் உண்டு; கடமையும் உண்டு. அவ்விரண்டையும் கற்பிக்காமல் நான் ஒரு பிள்ளையை அனுப்பி வைத்தேன்.

அது 2014-ஆம் ஆண்டு. நான் இப்பள்ளிவாசலில் பொறுப்பேற்று அதிக காலம் ஆகவில்லை. நம் மக்தபில் என்னிடம் ஓதிய பதினாறு வயதுப் பிள்ளை அத்திட்டத்தில் தேர்வு பெற்றான். அவனுடைய அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். இன்று அந்தப் பிள்ளை பொறியாளராகப் பணியாற்றுகிறார். அவருடைய அனுமதியைப் பெற்றே இதனைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தான். நான் அவனை எதிரே அமர்த்தி வரிசையாகச் சொன்னேன்: பன்றி இறைச்சி உண்ணாதே, ஹலாலா என்று தெரியாத இறைச்சியைத் தொடாதே, தொழுகையை விடாதே, நாயைப் படுக்கையில் சேர்க்காதே, வீட்டுப் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டுத் தொந்தரவு செய்யாதே, அம்மாவைக் கவலைப்பட வைக்காதே. எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். நான் மனநிறைவோடு துஆச் செய்து அனுப்பினேன். அவன் அம்மா ஒரு தொழுகை விரிப்பு, ஒரு குவளை, இரண்டு சம்படம் முறுக்கு ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

அவன் சென்று சேர்ந்தது அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோள வயல்கள். நமக்கும் அவ்வூருக்கும் கோடையில் பத்தரை மணி நேர வேறுபாடு. நாம் சுபுஹு தொழுது எழும்போது அவர்கள் முதல் நாள் இரவு உணவை முடித்திருப்பார்கள். வீட்டில் கணவன், மனைவி, இரு சிறு பிள்ளைகள், ஒரு நாய். கணவர் தானியக் கிடங்கில் பணியாற்றுபவர். மனைவி மருத்துவமனையில் செவிலியர். விமான நிலையத்துக்கே அனைவரும் வந்து, அவன் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

வீட்டை அடைந்ததும் அந்த அம்மையார், “சாப்பிடுகிறாயா?” என்று கேட்டார். அவனுக்கு நல்ல பசி. ஆயினும் “வேண்டாம்” என்றான். நம் வீடுகளில் முதல் முறை கேட்டவுடன் “ஆம்” என்பது அழகன்று. வேண்டாம் என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், மறுபடியும் மறுப்போம், மூன்றாம் முறை கையைப் பிடித்து அமர்த்துவார்கள், அப்போது அமர்வோம். அந்த மூன்றாம் முறைக்காக அவன் காத்திருந்தான். அந்த அம்மையாரோ, “சரி, களைத்திருப்பாய், போய் உறங்கு” என்று அன்போடு சொல்லி, உணவை எடுத்து வைத்துவிட்டார். ஒருவர் வேண்டாம் என்றால் அவர் சொல்லை அப்படியே ஏற்பதுதான் அவர்கள் நாட்டில் மரியாதை. மேலும் வற்புறுத்துவது அவர் சொல்லை நம்பாதது போலாகும். இரு பக்கமும் மரியாதைதான். ஆனால் அந்த இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் பிள்ளை பட்டினியாகப் படுத்தான். நள்ளிரவில் விழிப்பு வந்தது. பெட்டியைத் திறந்து, முறுக்கை நொறுக்கினால் சப்தம் கேட்குமே என்று வாயில் ஊறவைத்துத் தின்றானாம்.

அன்பர்களே, இதைக் கேட்டபோது எனக்கு என் இளமைக்கால நினைவு வந்தது. பன்னிரண்டு வயதில் மதரஸாவில் சேர்ந்தேன். எங்களைச் சில நாட்களில் ஊரார் வீடுகளுக்கு விருந்துண்ணப் பிரித்து அனுப்புவார்கள். இரண்டாம் முறை சோறு கேட்க நாணி, அரை வயிற்றோடு எழுந்து வந்த நாட்கள் எத்தனையோ! அதை மறந்துதான் அவனிடம், “கேட்டுத் தொந்தரவு செய்யாதே” என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

அடுத்த நாட்களும் இப்படியே கழிந்தன. மேசையில் இறைச்சி இருந்தது. எந்த இறைச்சி என்று கேட்க அவனுக்குத் தயக்கம். “பசியில்லை” என்று சொல்லி ரொட்டியையும் வாழைப்பழத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டான். அவ்விருவரும் தங்களைப் பெயர் சொல்லி அழைக்குமாறு கூறியிருந்தார்கள். மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அவனுக்கு நா எழவில்லை. ஆகவே அவன் அவர்களை அழைக்கவே இல்லை. ஏதேனும் வேண்டுமெனில் அருகில் சென்று நிற்பான். அவர்கள் திரும்பிப் பார்க்காவிட்டால் அறைக்குத் திரும்பிவிடுவான். கதவைத் தாழிட்டுக்கொண்டு தொழுவான். இங்கே நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம்; அங்கே கிப்லா வடகிழக்கு. அதைக்கூட நான் சொல்லி அனுப்பவில்லை. கைப்பேசியைப் பார்த்துத் தானே அறிந்துகொண்டான். பள்ளிக்கூடம் தொடங்கியதும் அங்கும் இதே நிலைதான். ஒவ்வொரு நாளும் அவன் அம்மா தொலைபேசியில், “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பார். சாப்பிடாததையெல்லாம் சாப்பிட்டதாகச் சொல்வான். அம்மாவைக் கவலைப்பட வைக்காதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்!

இதனினும் பெரியதொன்று நடந்தது. அவனுக்குரிய குளியலறை மாடியில் இருந்தது. நம் வீட்டுக் குளியலறையில் தரை நனைந்தால் நீர் தானே வடிந்துவிடும். அங்குள்ள வீடுகளில் குளியல் தொட்டிக்குள் மட்டுமே நீர் விழ வேண்டும். தரையில் நீர் வெளியேறும் வழியே கிடையாது. இவன் ஐந்து வேளையும் தரையில் நின்று குவளையால் ஒளூச் செய்தான், கால்களைக் கழுவினான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கீழே அடுக்களையின் மேற்கூரையில் ஈரம் படர்ந்து பழுப்பு நிறத்தில் ஒரு கறை தோன்றியது. வீட்டுக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு எந்தக் குழாய் உடைந்தது என்று தேடினார். மறுநாள் குழாய்ப் பணியாளரை வரவழைத்துக் கூலி கொடுத்தார். வந்தவர் எங்கும் உடைப்பில்லை என்று சொல்லிப் போய்விட்டார். இவனோ மாடிப்படியில் நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். காரணம் இன்னதென்று அவ்வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் தொழுகையைத் தடுத்துவிடுவார்களோ, ஊருக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தால் வாய் திறக்கவில்லை.

பிள்ளை உண்ணாமலும் பேசாமலும் இருப்பதைக் கண்ட அந்த அம்மையார் உண்மையிலேயே கலங்கிவிட்டார். தம் வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று கருதி, திட்டத்தின் சார்பில் அப்பகுதியில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணியை வரவழைத்தார். அவர் இவனைத் தனியே அமர்த்தி, “வேறு வீட்டுக்குப் போக விரும்புகிறாயா?” என்று கேட்டார். உண்மையில் அவர் உதவ வந்தவர். இவனோ தன்னை வெளியேற்றுவதாக எண்ணி அழுதுவிட்டான்.

அன்றிரவு அவன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். இங்கே காலை ஏழரை மணி. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான். “ஹஸ்ரத், நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. ஆனாலும் ஏன் இப்படி ஆயிற்று?”

பெரியோர்களே, ஏழாண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே என்னிடம் விடை இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பேசு என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலின் முன்புறத்தில் வந்து அமர்ந்தேன். அப்போது எனக்கு மதீனாவில் இருந்த ஒரு வீடு நினைவுக்கு வந்தது.

622-ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவை அடைந்தபோது, அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் தங்கினார்கள். புதிய ஊரில், பிறர் வீட்டில், விருந்தாளியாக. அது மாடி வீடு. தம்மைக் காண வருவோரின் வசதி கருதி நாயகம் (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தில் தங்க, வீட்டுக்காரர் மேலே இருந்தார். ஓர் இரவு மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. கீழே இருக்கும் விருந்தாளியின் மீது ஒரு சொட்டும் விழுந்துவிடக் கூடாதே என்று அந்தத் தம்பதியர் பதறி, தங்களிடமிருந்த போர்வையைக் கொண்டே தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். மாடியில் சிந்திய நீர் கீழே இருப்போரைத் துன்புறுத்தும் என்பது ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வரலாற்றில் பதிவான செய்தி. அதை எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறேன். நாம் சிந்தும் நீருக்கு நாமே பொறுப்பு என்ற பாடத்தை மட்டும் என் மாணவனுக்குச் சொல்லத் தவறினேன்.

அதே வீட்டில் மற்றொரு நிகழ்ச்சி. அபூ அய்யூப் (ரலி) அவர்கள் நாள்தோறும் உணவு சமைத்து நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும் தட்டில் நாயகத்தின் விரல் பட்ட இடம் எது என்று தேடி அங்கிருந்து உண்பார்கள். ஒரு நாள் தட்டு தொடப்படாமலே திரும்பி வந்தது. உணவில் பூண்டு சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் திடுக்குற்று விரைந்து வந்து, அது ஹராமா என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள், ஹராம் இல்லை, தமக்கு அதன் வாடை விருப்பமில்லை என்று காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சிந்தித்துப் பாருங்கள். தட்டு திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் கலங்கினார். அயோவாவின் அந்த அம்மையாரும் அப்படித்தான் கலங்கினார். விருந்தாளியோ, பசியில்லை என்று பொய்க்காரணம் சொல்லவில்லை. முகம் கோணவில்லை. உணவைப் பழிக்கவுமில்லை. தமக்கு ஏன் ஆகாது என்பதை மட்டும் உண்மையாக எடுத்துரைத்தார்கள். வீட்டுக்காரரின் கலக்கம் அக்கணமே தீர்ந்தது. உண்ணலாகாததை உண்ணாமலிருப்பது பேணுதல். அதன் காரணத்தை உபசரிப்பவருக்கு எடுத்துச் சொல்வது பண்பு. முதலாவதை நான் கற்பித்தேன், இரண்டாவதைக் கற்பிக்கவில்லை. அந்தப் பிள்ளை நான் சொன்னதை மீறவில்லை என்பது உண்மை. நான் சொன்னதுதான் பாதியாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அவன் பேசியபோது இந்த வரலாற்றைச் சொன்னேன். “பிழை உன்னுடையதன்று, என்னுடையது. இப்போதே கீழே போ. முதலில் தண்ணீர்க் கறையைப் பற்றிச் சொல். பிறகு உணவைப் பற்றிச் சொல். பிறகு தொழுகையைப் பற்றிச் சொல்” என்றேன். “முதலில் உணவைச் சொல்லலாமா?” என்று கேட்டான். “இல்லை. முதலில் நீ அவர்களுக்குத் தர வேண்டியதைக் கொடு, பிறகு உனக்கு வேண்டியதைக் கேள்” என்றேன்.

கீழே சென்றான். அவர்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தான். வீட்டுக்காரர் சிறிது நேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு பெருமூச்சு விட்டு, சுவரை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தாராம். குழாய்ப் பணியாளருக்குக் கொடுத்த கூலியை, திட்டத்தார் தரும் கைச்செலவுப் பணத்திலிருந்து தந்துவிடுவதாக இவன் சொன்னான். அவர் அதை ஏற்கவில்லை. “சனிக்கிழமை என்னோடு சேர்ந்து மேற்கூரைக்கு வண்ணம் பூசு” என்றார். அவ்வாறே இருவரும் ஏணி மீது ஏறி வண்ணம் பூசினார்கள். தொட்டியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே வைத்து ஒளூச் செய்யும் முறையை அன்று அவர்களே சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

அந்த அம்மையார் ஒரு தாளை எடுத்து, அவன் உண்பவை, உண்ணாதவை என்று இரண்டு பத்திகளாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மீன், முட்டை, பருப்பு, காய்கறி ஒரு பக்கம். பன்றி இறைச்சி, மது சேர்ந்தவை மறுபக்கம். சில இனிப்புகளில் சேரும் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு என்று அறிந்ததும், அவரே கடையில் பொட்டலங்களைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். நாய் அவன் அறைக்குள் வராதபடி சிறு பிள்ளைகள் காவல் காத்தார்கள். பெயர் சொல்லி அழைக்க இயலவில்லை என்று சொன்னபோது, “உங்கள் ஊரில் என்னைப் போன்ற ஒருவரை எப்படி அழைப்பாய்?” என்று கேட்டார். “சாச்சி” என்றான். அவ்வாண்டு முழுவதும் அவர் சாச்சி, அவர் கணவர் சாச்சா. பின்னொரு விடுமுறை நாளில் அந்த சாச்சா அவனைக் காரில் அழைத்துக்கொண்டு, அதே மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1934-இல் கட்டப்பட்ட பழைய பள்ளிவாசலைக் காட்டி வந்தார். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடங்களுள் அது ஒன்று. சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து பிழைக்கச் சென்றவர்கள் எழுப்பியது. அவர்களுக்கும் அந்த மண்ணில் முதல் நாட்கள் என்று சில இருந்திருக்கும் அல்லவா?

அன்பிற்குரிய பெற்றோர்களே! இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றவற்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பிள்ளை புறப்படுமுன் அக்குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன உண்பேன், என்ன உண்ணமாட்டேன், எத்தனை வேளை தொழுவேன், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த மாதத்தில் நோன்பு வைப்பேன் என்பவற்றை எளிய சொற்களில் எழுதட்டும். “நான் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள், அது எங்கள் ஊர் வழக்கம்” என்றும் எழுதட்டும். வாயால் சொல்லக் கூசுவதை எழுத்து சொல்லிவிடும்.

இரண்டாவது, வீட்டு வேலையைப் பழக்குங்கள். நம் வீட்டு ஆண் பிள்ளைகளுள் எத்தனை பேர் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுகிறார்கள்? அங்கே அவனை விருந்தாளியாக மூன்று நாள் பார்ப்பார்கள். பிறகு மகனாகப் பார்ப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் படுக்கையை மடித்து, துணியைத் துவைத்து, குப்பையை எடுத்துச் செல்லும்போது நம் பிள்ளை மட்டும் அமர்ந்திருந்தால் அது இழுக்கு. ஏவாமலே ஒரு வேலையை ஏற்றுச் செய்யும் பிள்ளை, எத்தனை மைல் தொலைவிலும் அந்நியனாக இருக்கமாட்டான்.

மூன்றாவது, நாள்தோறும் மணிக்கணக்கில் தொலைபேசியில் பேசாதீர்கள். உடல் அங்கும் உள்ளம் இங்குமாக இருக்கும் பிள்ளை அந்த வீட்டில் வேர் பிடிக்கமாட்டான். பேசும்போது, “என்ன சாப்பிட்டாய்?” என்று மட்டும் கேட்காமல், “இன்று அவர்களிடம் என்ன பேசினாய்?” என்றும் கேளுங்கள்.

நான்காவது, இதுவே மிக முக்கியமானது. “என்ன நடந்தாலும் பொறுத்துக்கொள், குடும்ப மானம் முக்கியம்” என்று ஒருபோதும் சொல்லி அனுப்பாதீர்கள். நான் கூறிய குடும்பம் நல்ல குடும்பம். எல்லா வீடும் அப்படி அமையும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. இதற்காகவே அமெரிக்க அரசின் விதிகள் சில பாதுகாப்புகளை வைத்திருக்கின்றன. அவ்வீட்டில் உள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் ஆராயப்பட வேண்டும். மாணவருக்குத் தனிக் கட்டில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் 120 மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 190 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும். அவர் மாதம் ஒரு முறையேனும் மாணவரோடு தொடர்புகொள்ள வேண்டும். முதல் மாதத்தில் நேரிலேயே சந்திக்க வேண்டும். அவசரத் தொலைபேசி எண்கள் கொண்ட அட்டையும் மாணவர் கையில் தரப்படும். அந்த எண்களைப் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவரேனும் தகாத முறையில் தொட்டாலும், மிரட்டினாலும், உணவு மறுத்தாலும் பிள்ளை அன்றே சொல்ல வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் இதில் வேறுபாடில்லை. வீடு மாறுவது தோல்வியன்று, அவமானமும் அன்று. ஒருவரைப் பற்றிப் புகார் சொல்வது புறம்பேசுதல் ஆகிவிடுமோ என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள். புறம் பேசுதலிலிருந்து விலக்களிக்கப்பட்ட ஆறு சூழ்நிலைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். அநீதிக்கு உள்ளானவர், அதைத் தீர்க்கும் அதிகாரம் உடையவரிடம் முறையிடுவதுதான் அவற்றுள் முதலாவது. இதையும் நான் அன்று சொல்லியிருக்க வேண்டும். அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால், “பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே” என்ற என் வார்த்தை அவன் வாயைக் கட்டியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது.

மாணவத் தம்பியே! உங்களிடமும் ஒரு வார்த்தை. அடக்கம் வேறு, ஊமையாக இருப்பது வேறு. முதல் நாளே பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிழை செய்தால், அவர்கள் விளக்கெடுத்துத் தேடுமுன் நீங்களே சென்று சொல்லுங்கள். நம் மார்க்கத்தைப் பற்றி அவர்கள் நூல்களில் படிப்பதைவிட, தங்கள் அடுக்களையில் நிற்கும் ஒரு பிள்ளையின் உண்மையிலிருந்து அதிகம் அறிந்துகொள்வார்கள்.

உங்கள் அத்தா என்னிடம் நாலு புத்தி சொல்லக் கேட்டார். இம்முறை அப்படிச் சொல்லி அனுப்பப் போவதில்லை. புறப்படுமுன் மூன்று நாட்கள் இஷாவுக்குப் பின் என் அறைக்கு வாருங்கள். நம் ஜமாஅத்தின் ஆங்கில ஆசிரியரையும் அழைத்திருக்கிறேன். நாங்கள் அந்த வீட்டுக்காரர்களாக அமர்ந்துகொள்கிறோம். நீங்கள் உள்ளே வந்து, பசிக்கிறது என்றும், இதை உண்ணமாட்டேன் என்றும், தொழ வேண்டும் என்றும், என் கையால் இது உடைந்துவிட்டது என்றும் தயங்காமல் சொல்லும்வரை உங்களை விடமாட்டோம்.

யா அல்லாஹ்! கடல் கடந்து செல்லும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் பாதுகாப்பாயாக! அறியாத பிள்ளைக்குக் கதவைத் திறந்து, தம் சோற்றில் பங்கு கொடுக்கும் மக்களுக்கு நல்வழியையும் நற்கூலியையும் தந்தருள்வாயாக! பிள்ளைகளுக்கு வழிகாட்டுவோராகிய எங்களுக்கு, சொல்ல வேண்டியதைப் பாதியில் நிறுத்தாமல் முழுமையாகச் சொல்லும் அறிவைத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.